கதையைப் படிக்காத அட்டைகள்

பழைய ஆங்கில அறிவியல் புனைகதை நூல்களின் அட்டைகளைப் பார்த்தால் சிரிப்பு தாங்கவில்லை, இப்படியெல்லாம் படம் போட்டு எப்படி விற்றார்கள், அவற்றைக் கேலி செய்வது சரியா, அட்டை இந்த லட்சணத்தில் இருந்தால் உள்ளே கதை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அட்டையை வைத்துக் கதையை எடைபோட முடியாது. இந்தத் துறையில் அது அறவே நடக்காது. ஆர்தர் சி. கிளார்க்கின் 'அகெய்ன்ஸ்ட் த ஃபால் ஆஃப் நைட்' முதலில் வெளிவந்தது 1948 நவம்பர் 'ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்' இதழில். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு பாலைவனத்தின் நடுவே எஞ்சி நிற்கும் ஒரு நகரம், அதைவிட்டு வெளியே போகத் துடிக்கும் ஓர் இளைஞன் என்று நிதானமாக நகரும் கதை அது. அந்தப் பத்திரிகை அந்தக் காலத்தில் எதற்குப் பேர்போனது தெரியுமா? அரைகுறை உடையில் அலறும் பெண்களை அட்டையில் போடுவதற்கு. அட்டையைப் பார்த்து முகம் சுளித்துக் கடந்து போனவர்கள் கிளார்க்கையும் சேர்த்தே தவறவிட்டார்கள்.

கேலி செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் வண்ணம் கண்ணைப் பறிக்கிறது, அசுரன் ரப்பர் பொம்மை மாதிரி இருக்கிறான் என்பதற்காகச் சிரித்துவிட்டுப் போனால் பாதி வேடிக்கையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கதையைப் படிக்காமல் போட்ட அட்டை, படித்தும் பொய் சொல்கிற அட்டை இரண்டும்தான் உண்மையில் கேலிக்கு உரியவை. அந்தக் கேலியும் பெரும்பாலும் ஓவியரைத் தாண்டி, அவருக்கு அவகாசம் கொடுக்காத பதிப்பாளரிடம் போய்ச் சேர வேண்டும். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழிலிருந்து ஆரம்பிக்கலாம். அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் பத்திரிகை அது. முதல் இதழின் அட்டையை வரைந்தவர் ஃப்ராங்க் ஆர். பால். வளையங்களோடு பிரமாண்டமாக எழும் சனிக்கிரகம், அதன் கீழே பனிப்பரப்பில் சறுக்கி விளையாடும் மனிதர்கள், பின்னால் பனிமேட்டின் உச்சியில் இரண்டு கப்பல்கள். சனிக்கிரகத்துக்கு இவ்வளவு அருகில் சறுக்கு விளையாட்டா, மேட்டின்மேல் கப்பல் எப்படி ஏறியது என்று கேட்கத் தோன்றும். உள்ளே இருப்பது ஜூல்ஸ் வெர்னின் வால்நட்சத்திரக் கதை. பூமியின் ஒரு துண்டோடு மனிதர்களையும் அள்ளிக்கொண்டு போகிறது ஒரு வால்நட்சத்திரம். கடல் உறைகிறது, உறைந்த பனி கப்பல்களை மேலே தூக்கிவிடுகிறது. அபத்தமாகத் தோன்றும் அந்தக் கப்பல்கள் கதையில் இருப்பவைதான். பால் கட்டடக்கலை பயின்றவர். இயந்திரங்களையும் நகரங்களையும் ஆசை ஆசையாக வரைவார். மனிதர்கள் மட்டும் மரப்பாச்சி மாதிரி விறைத்து நிற்பார்கள். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வரும், ஆனால் அது பிரியத்தோடு வருகிற சிரிப்பு. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சிறப்பு விருந்தினர் இந்தப் பால்தான். எழுத்தாளர்கள் அத்தனை பேர் இருக்க, ஓர் அட்டை ஓவியரைத்தான் கூப்பிட்டார்கள்.

கெர்ன்ஸ்பேக் இன்னொன்றும் செய்தார். 1926 டிசம்பர் அட்டையில் பால் வரைந்த ஒரு விசித்திரக் காட்சியைப் போட்டார். ஒரு பெருங்கோளம், அதன் அடியில் ஒரு பயணிகள் கப்பலே அந்தரத்தில் தொங்குகிறது. இதற்கு ஒரு கதை எழுதுங்கள், பரிசு உண்டு என்று வாசகர்களுக்குப் போட்டி வைத்தார். மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ். இந்தப் பத்திரிகைகளில் தம் சொந்தப் பெயரில் எழுதிய ஆரம்பகாலப் பெண்களில் ஒருவர். படம் முதலில், கதை பிறகு என்ற ஏற்பாட்டிலிருந்தும் நல்லது விளையலாம் என்பதற்கு இது சாட்சி. அதே ஏற்பாடு பிற்பாடு எங்கே போய் முடிந்தது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

உங்களைச் சிரிக்க வைத்த அட்டைகளில் பெரும்பாலானவை 1930, 40களின் மலிவுப் பத்திரிகைகளைச் சேர்ந்தவையாக இருக்கும். உள்ளே மட்டமான பழுப்புத் தாள், மேலே வழவழப்பான வண்ண அட்டை. அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளில் துப்பறியும் கதை, கௌபாய் கதை, காதல் கதை என்று டஜன் கணக்கில் இதழ்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கும். பத்தடி தூரத்தில் நடந்து போகிறவனின் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டியது அட்டையின் வேலை. கதைக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை.

'ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்', 'த்ரில்லிங் வொண்டர் ஸ்டோரீஸ்' இரண்டுக்கும் அதிகம் வரைந்தவர் ஏர்ல் பெர்கி. அவருடைய அட்டை வாய்பாடு ஊரறிந்தது. ஒரு பெண், ஓர் ஆண், ஓர் அசுரன். அசுரனுக்கு முட்டைக் கண். ஆணுக்குத் தலை முதல் கால் வரை கனத்த விண்வெளி உடை. பெண்ணுக்கோ பித்தளையில் வார்த்தது போன்ற மார்க்கச்சை, கீழே ஒரு சின்னஞ்சிறு துணி. இவர்கள் மூவரும் நிற்பது காற்றில்லாத ஏதோ ஒரு கிரகமாகக்கூட இருக்கும். வெற்றிடத்தில் உடையில்லாமல் மாட்டிக்கொண்டால் பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு தப்பிவிடும். அந்தப் பெண் நினைவு தப்பாதது மட்டுமில்லை, தலைமுடிகூடக் கலையாமல் நிற்கிறாள். அவளுடைய உடலமைப்பே வேறு என்றால் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் எதற்கு அத்தனை குழாய்கள்? அசுரனும் பாவம், வேறு ஏதோ நட்சத்திரத்திலிருந்து வந்தவன். மனிதப் பெண்மீது அவனுக்கு என்ன ஆசை இருக்க முடியும் என்று ஓவியரும் யோசிக்கவில்லை, ஆசிரியர் குழுவும் யோசிக்கவில்லை.

அன்றைய வாசகர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. மார்ட்டின் ஆல்ஜர் என்ற வாசகர் 1939இல் 'த்ரில்லிங் வொண்டர் ஸ்டோரீஸ்' கடிதப் பகுதியிலேயே ஒரு சங்கத்தை அறிவித்தார். அறிவியல் புனைகதை வெளியீடுகளின் அட்டைகளில் முட்டைக்கண் அசுரர்கள் வருவதைத் தடுக்கும் சங்கம். பெயரே ஒரு முழு வரிக்கு நீளும். முட்டைக்கண் அசுரன் என்ற சொற்றொடர் அங்கிருந்துதான் பரவி, இந்த இலக்கியத்தின் நிரந்தரக் கேலிச்சொல் ஆனது. எனவே நீங்கள் இன்று சிரிப்பது புதிதல்ல. காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள், அந்தக் கதைகளை உயிராக நேசித்தவர்கள், அப்போதே சிரித்தார்கள், சண்டையும் போட்டார்கள்.

வேறு வழியே இல்லாமல் இப்படிப் போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 'அஸ்டௌண்டிங்' இதழின் பொறுப்புக்கு வந்த சில மாதங்களில், 1938 பிப்ரவரி அட்டையில், புதன் கிரகத்திலிருந்து பார்த்தால் சூரியன் எப்படித் தெரியும் என்பதை ஹோவர்ட் பிரௌன் வரைந்தார். வானியல் கணக்குக்கு உட்பட்ட ஓவியம். பெண்ணும் இல்லை, அசுரனும் இல்லை. பிற்பாடு விண்வெளிக் காட்சிகளுக்குப் பேர்போன ஓவியர் செஸ்லி போனஸ்டெல் போன்றவர்களும் அந்த இதழுக்கு வரைந்தார்கள். இந்தத் துறையின் மிக முக்கியமான பத்திரிகையாக அது பல ஆண்டுகள் நிலைத்து நின்றது. நல்ல அட்டை விற்காது என்பது சோம்பேறிகளின் சமாதானம்.

1950களில் இந்தக் கதைகள் மெல்லிய அட்டை போட்ட பேப்பர்பேக் புத்தகங்களாகவும் வந்து மருந்துக் கடைகளின் சுழலும் கம்பி அலமாரிகளில் உட்கார்ந்தன. 1952இல் ஏஸ் நிறுவனம் தொடங்கிய இரட்டைப் புத்தகங்கள் இந்தக் காலத்தின் அடையாளம். ஒரு பக்கம் ஒரு நாவல், தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு நாவல், இரண்டுக்கும் தனித்தனி முன்னட்டை. பின்னட்டையே கிடையாது, இரண்டு பக்கமும் கூச்சல்தான். தலைப்புகளையும் கூச்சலுக்கு ஏற்றபடி மாற்றுவார்கள். அங்கே ஆசிரியராக இருந்த டெர்ரி கார் பெயரில் ஒரு கேலி வழங்குகிறது. பைபிளை ஏஸ் இரட்டைப் புத்தகமாகப் போட்டால் இரண்டு பாதிகளையும் இருபதாயிரம் சொற்களுக்கு வெட்டிச் சுருக்கி, பழைய ஏற்பாட்டுக்குக் குழப்பத்தின் அதிபதி என்றும் புதிய ஏற்பாட்டுக்கு மூன்று ஆன்மா கொண்ட ஜந்து என்றும் தலைப்பு வைத்திருப்பார்களாம்.

ஆனால் எனக்குத் தெரிந்து பொய் சொல்லும் அட்டைக்கு உச்சம், 1950இல் சிக்னெட் நிறுவனம் போட்ட ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு வயது 39. மெலிந்த உடம்பு, கணுக்காலுக்கு மேல் ஆறாத நரம்புப் புண், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அட்டையிலோ புஜம் திரண்ட ஒரு வாலிபன் நிற்கிறான். பக்கத்தில் அவன் காதலி ஜூலியா. உடையின் கழுத்து வெட்டு எங்கே வரை இறங்க முடியுமோ அங்கே வரை இறங்கியிருக்கிறது. அந்த உடையிலேயே பாலுறவு எதிர்ப்புக் கழகத்தின் பேட்ஜையும் குத்தியிருக்கிறாள். நாவலில் இவர்களைப் போன்ற, ஆளும் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் அணிவது ஒரே மாதிரியான நீலச் சீருடை. ஆசையே உடம்பில் தெரியக்கூடாது என்று கட்சி தைத்துக் கொடுத்த உடை அது. தடைசெய்யப்பட்ட காதல், பயம், துரோகம் என்று ஆசை காட்டும் வாசகம் வேறு. ஒரு சொல்லும் பொய்யில்லை, காதலும் உண்டு, பயமும் உண்டு, துரோகமும் உண்டு. ஆனால் அதை நம்பி 25 சென்ட் கொடுத்து வாங்கியவன் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது என்ன ஆகியிருப்பான்! ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அட்டையால்தான் எத்தனையோ பேர் ஆர்வெல்லைத் தொட்டிருப்பார்கள். இருந்தாலும் அந்த நாவல் முழுக்கப் பேசுவதே பொய்யான விளம்பரத்தைப் பற்றி. அதற்கே இப்படி ஓர் அட்டை போட்டதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பக்கத்து வீட்டுச் சங்கதி, அறிவியல் புனைகதை இல்லை, மாயாஜாலப் புனைகதை. ஆனால் நோய் எங்கே பிடிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் கிடையாது. 1965இல் ஏஸ் நிறுவனம் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை அவர் அனுமதியில்லாமல் அமெரிக்காவில் பேப்பர்பேக்காகப் போட்டுவிட்டது. அதை முறியடிக்க, அனுமதி பெற்ற பாலன்டைன் நிறுவனம் அவசர அவசரமாகத் தன் பதிப்புகளைக் கொண்டுவந்தது. அட்டை வரையும் பொறுப்பு பார்பரா ரெமிங்டனுக்கு. படிக்கப் புத்தகமும் கைக்கு வரவில்லை, நேரமும் இல்லை. அதே டோல்கீனின் 'ஹாபிட்' நாவலின் அட்டையில் ஒரு சிங்கம் வந்தது, ஈமு பறவைகள் வந்தன, முன்னால் ஒரு மரத்தில் இளஞ்சிவப்பு உருண்டைகள் தொங்கின. கதையில் இவற்றுக்கு இடமே இல்லை. டோல்கீன் தம் இங்கிலாந்துப் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் பொரிந்து தள்ளினார். இது எந்த ஊர், சிங்கமும் ஈமுவும் எதற்கு, அந்த உருண்டைகள் என்ன என்று கேட்டார். தொலைபேசியில் பேசிய பாலன்டைன் அலுவலர், வரைந்தவருக்குப் படிக்க நேரமில்லை என்றாராம். உருண்டைகள் கிறிஸ்துமஸ் மரத்தை நினைவூட்டத்தான் என்றும் விளக்கினாராம். பைத்தியக்கார விடுதியில் அடைபட்டது போல் இருக்கிறது என்று டோல்கீன் அந்தக் கடிதத்தில் எழுதினார். பிந்திய அச்சுகளில் சிங்கம் காணாமல் போனது. ஈமுக்கள் தப்பிவிட்டன.

இதில் ரெமிங்டனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கக் கொடுக்காத புத்தகத்துக்கு ஒருவர் என்ன வரைய முடியும்? நிறமும் கோடும் அழகாகவே இருக்கின்றன. அந்த அட்டைகள்தான் அறுபதுகளின் அமெரிக்க மாணவர்கள் கையில் இருந்தவை. அவசரம் பதிப்பாளருடையது, அதைத் தொடங்கி வைத்தவர்கள் அனுமதியில்லாமல் அச்சடித்தவர்கள்.

அவசரத்தையே தொழிலாக்கியவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் பேட்ஜர் புக்ஸ். படம் முதலில், கதை பிறகு என்று சொன்னேனே, அது போய் முடிந்த இடம் இதுதான். அட்டை தயாராகிவிடும், எழுத்தாளருக்கு அது வந்து சேரும், அதற்குப் பொருந்துகிற மாதிரி அவர் ஒரு நாவல் எழுதித் தர வேண்டும். இவர்களுக்கு எழுதிக் குவித்தவர் லயனல் ஃபேன்தார்ப். ஒரே மனிதர், பெல் டோரோ, ப்ரான் ஃபேன், லியோ ப்ரெட் என்று ஏகப்பட்ட புனைபெயர்கள். வாரக் கடைசியில் டேப் ரெக்கார்டரில் கதையைப் பேசிப் பதிவு செய்வார். வீட்டாரும் நண்பர்களும் தட்டச்சு செய்வார்கள். பக்கக் கணக்கு நெருங்கியதும் கதை திடுதிப்பென்று முடிந்துவிடும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இப்படி வந்தன. இங்கே அட்டையும் கதையும் ஒன்றுக்கொன்று துரோகம் செய்யவில்லை, இரண்டும் ஒரே தரம். கூச்சமில்லாமல் சிரிக்கலாம். பிற்காலத்தில் பாதிரியார் ஆன ஃபேன்தார்ப்பும் அந்த நாட்களைக் கலகலப்பாகவே நினைவுகூர்பவர்.

கிறிஸ் ஃபாஸ் வேறு வகை. எழுபதுகளில் பிரிட்டனின் பேன்தர் பதிப்புகளில் ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவல்களுக்கு அட்டை வரைந்தவர். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட, மலை அளவு விண்கலங்கள். அவர் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் 'ஃபவுண்டேஷன்' பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்து பேசும் மனிதர்களின் கதை. விண்கலத்துக்காக வாங்கியவன் பக்கம் பக்கமாக அரசியல் வாதத்தைப் படிக்க வேண்டியிருக்கும். வரைய வேண்டிய புத்தகங்களைப் படிப்பதில் தமக்கு அக்கறை இல்லை என்பதை ஃபாஸ் மறைத்தவரும் அல்ல. இது அழகான பொய். இதையும் கேலி செய்யலாம், ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு ஓர் உதாரணம் போதும். 1972இல் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலின் பெங்குவின் பதிப்புக்கு, வேறொருவர் தாமதமாகக் கொண்டுவந்த படம் சரியில்லை என்று டேவிட் பெல்ஹம் ஓர் இரவில் தாமே செய்த அட்டை. ஒரு தொப்பி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பல்சக்கரக் கண். அவகாசம் இல்லாமலும் நல்ல அட்டை பிறக்கும், கதையின் நடு நரம்பு எது என்று தெரிந்திருந்தால்.

சிரிப்பு நின்றுவிடும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஆக்டேவியா பட்லரின் 'டான்' நாவலின் நாயகி லிலித் கறுப்பினப் பெண். 1980களின் கடைசியில் வந்த அதன் பதிப்பு அட்டையில் இருப்பவர்கள் வெள்ளைப் பெண்கள். அர்சுலா லெ குவின்னின் எர்த்ஸீ கதைகளில் வரும் கெட் என்ற நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பல ஆண்டுகள் பல பதிப்புகளில் அவனை வெளுத்தே காட்டினார்கள், அவர் அதைப் பற்றி வெளிப்படையாகவே வருந்தி எழுதினார். முட்டைக்கண் அசுரனை வரைந்தவர் கதையைக் கவனிக்கவில்லை. இவர்கள் கவனித்திருக்கிறார்கள், கறுப்பு முகம் விற்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எழுத்தாளர் தம் நாயகிக்குக் கொடுத்த உடம்பையே அட்டையில் பறித்துக்கொள்வது கேலியோடு விடக்கூடிய குற்றம் இல்லை. வாசகர்கள் இரைந்து கேட்டால் இது மாறும். 2009இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் 'லையர்' நாவலுக்குக் கறுப்பினச் சிறுமியின் இடத்தில் வெள்ளைச் சிறுமியின் படம் போட்டபோது எழுந்த எதிர்ப்பில், வெளியீட்டுக்கு முன்பே அட்டையை மாற்றினார்கள்.

சரியாகக் கேலி செய்வது எப்படி என்று பார்க்க விரும்பினால் ஜிம் சி. ஹைன்ஸ் செய்ததைப் பாருங்கள். இவரும் மாயாஜாலக் கதை எழுதுகிறவர். 2012இல், அட்டைகளில் பெண்கள் நிற்கும் கோணங்களில் தாமே நின்று படம் எடுத்து வெளியிட்டார். முதுகும் முன்பக்கமும் ஒரே நேரத்தில் தெரியும்படி இடுப்பை முறுக்கி, கையில் வாளும் பிடித்துக்கொண்டு. தாடி வைத்த ஒரு நடுவயது மனிதர் அப்படி நிற்கும்போதுதான் அந்தக் கோணத்தில் எந்த உடம்பும் சண்டை போட முடியாது, நேராக நிற்கவே முடியாது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு எழுத்தாளர் ஜான் ஸ்கால்ஸியும் சேர்ந்துகொள்ள, இதை வைத்தே நன்கொடை திரட்டினார்கள். யாரையும் புண்படுத்தவில்லை, குற்றத்தையும் தப்பவிடவில்லை.

இப்போது மட்டும் நிலைமை மாறிவிட்டதா என்று அடுத்து கேட்பீர்கள். 2022இல் டோர் பதிப்பகம் கிறிஸ்டோபர் பாவ்லினியின் 'ஃப்ராக்டல் நாய்ஸ்' நாவலின் அட்டையை வெளியிட்டது. படங்களைத் தயாராக வைத்து விற்கும் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய ஒரு ஸ்டாக் படம் அதில் இருந்தது. அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது போலிருக்கிறதே என்று வாசகர்கள் கேட்டார்கள். வாங்கும்போது தங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம். தயாரிப்பு நெருக்கடியால் அந்த அட்டையையே வைத்துக்கொள்ள முடிவு செய்ததாகவும் சொன்னது. 1965இல் டோல்கீனுக்குத் தொலைபேசியில் கிடைத்த பதிலும் ஏறக்குறைய இதேதான். அன்று நேரமில்லாமல் வரைந்ததற்கு ஓர் ஆளாவது இருந்தார்.

அடுத்த முறை ஓர் அட்டையைப் பார்த்துச் சிரிப்பு வந்தால், உள்ளே புரட்டி வரைந்தவரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐம்பதுகளின் பேப்பர்பேக்குகள் பலவற்றில் அது இருக்காது. தூரிகைப் போக்கை வைத்தும் மூலையில் மங்கிய கையொப்பத்தை வைத்தும் சேகரிப்பாளர்கள் இன்றும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் கிடைத்தால் அந்தக் கதையைப் படித்துவிட்டு, அதே ஓவியர் வேறு பதிப்பகத்துக்கு வரைந்த அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் அவருக்குப் புத்தகத்தைக் கொடுத்தார்கள், எதில் கொடுக்கவில்லை என்பது பெரும்பாலும் படத்திலேயே தெரிந்துவிடும்.